கரண்டும் தண்ணீரும் வாடகைக்குள்ளே: குமரி மாவட்டத்தில் வீடு எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடு தேடிப் போகிறவர்களின் காதில் இப்போது அடிக்கடி விழும் பேச்சு, "எல்லாம் சேர்த்துத்தான் வாடகை" என்பது. கரண்ட், தண்ணீர், சில இடங்களில் வைஃபையும் அந்த ஒரு தொகைக்குள் வந்துவிடும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வேலைக்கு வரும் செவிலியர்கள், கோணம் பகுதியிலுள்ள கல்லூரிகளில் படிக்க வரும் பிள்ளைகள், மாற்றலாகி வரும் வங்கி ஊழியர்கள் எல்லோருக்கும் இது பெரிய நிம்மதியாகத் தெரியும். ஆனால் "எல்லாம்" என்பதில் எவையெல்லாம் உண்டு என்று முதல் நாளே கேட்காமல் குடியேறி, பிறகு வீட்டுக்காரரோடு முகம் பார்த்துப் பேச முடியாத நிலைக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு பெரும்பாலும் யார் மனத்திலும் இருப்பதில்லை. பேசாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. அதைப் பேசிவிடுவதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

"எல்லாம் சேர்த்து" என்றால் பொதுவாக எவை அடங்கும்?

இதற்கு ஊர் வழக்கம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் கரண்டையும் கிணற்றுத் தண்ணீரையும் சொல்லுவார். இன்னொருவர் மனத்தில் குழாய்த் தண்ணீர், மாடிப்படி விளக்கு, குப்பைக் கட்டணம் மட்டும் இருக்கும். அறைக்குள் ஓடும் மின்விசிறி கணக்கில் இருக்காது. சமையல் எரிவாயு அநேகமாக எங்கும் சேராது. ஏ.சி. இருந்தால் அதற்குத் தனி என்பார்கள். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அறை கரண்ட், மோட்டார் கரண்ட், குடிதண்ணீர், பொது விளக்கு, இன்வெர்ட்டர், இணையம், குப்பை, செப்டிக் டேங்க். இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல வீட்டுக்காரர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நம் மாவட்டத்தில் இந்த முறை இவ்வளவு பரவியிருப்பது ஏன்?

இங்கே வாடகைக்கு வரும் வீடுகளில் நிறைய, வாடகைக்கென்று கட்டியவை அல்ல. பிள்ளைகள் வளர்ந்தால் இருக்கட்டும் என்று எடுத்த மாடி அது. பிள்ளைகள் வளைகுடா நாட்டுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள், மாடி காலியாகக் கிடக்கிறது. வெளிப்படிக்கட்டு ஒன்று வைத்து, சின்னச் சமையலறை ஒன்று ஒதுக்கி வாடகைக்கு விடுகிறார்கள். வயரிங் ஒன்று, மீட்டர் ஒன்று, கிணறு ஒன்று, மோட்டாரும் ஒன்று. பிரித்துக் கணக்குப் பார்க்க வழியில்லாததால் "சேர்த்தே கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். கணக்குப் பார்ப்பதில் வரும் மனத்தாங்கலுக்கு அஞ்சியும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள்.

வீடு பார்க்கப் போனதும் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

மீட்டரை. அறையின் அளவையும் ஜன்னலையும் பார்ப்பதற்கு முன்பே, "அக்கா, மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் பகுதிக்குத் தனி மீட்டரா, உரிமையாளர் வீட்டோடு சேர்ந்த மீட்டரா என்பது இந்தப் பேரம் முழுவதையும் தீர்மானிக்கிறது. காரணம், தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு அடுக்காகக் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட்டை இலவசமாக்கும் சலுகை 2016இல் வந்தது. அது ஆளுக்கு அல்ல, இணைப்புக்கு.

உரிமையாளர் கீழே, நீங்கள் மாடியில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் அவர் 300 யூனிட், நீங்கள் 280 யூனிட் செலவழிக்கிறீர்கள். கணக்குக்கு எளிதாக 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறகு வந்த உயர்வுகளால் தொகை சற்றுக் கூடும். கணக்கிடும் விதம் இதுதான். தனித்தனி மீட்டர் என்றால் முதல் 100 யூனிட் இருவருக்குமே இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். அவருக்கு 675 ரூபாய், உங்களுக்கு 585 ரூபாய் வரும். இரண்டும் சேர்ந்து 1,260.

இதே 580 யூனிட்டும் ஒரே மீட்டர் வழியாக ஓடினால் என்ன ஆகும்? இலவச 100 ஒருமுறைதான் கிடைக்கும். 500ஐத் தாண்டிவிட்டதால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகையும் போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, அடுத்த 100க்கு 6, மிச்சமுள்ள 80க்கு 8 ரூபாய். மொத்தம் 2,590. யாரும் ஒரு விளக்கைக்கூட அதிகமாக எரிக்கவில்லை. மீட்டர் ஒன்றாக இருந்த ஒரே காரணத்தால் 1,330 ரூபாய் கூடிவிட்டது. இந்தத் தொகையை யார் சுமப்பது என்பதுதான் பின்னால் வரும் சச்சரவுகளில் பாதிக்கு மூலம்.

தனி மீட்டர் இருக்கிறது. இருந்தும் வீட்டுக்காரர் கரண்டைச் சேர்த்து வாடகை சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. தனியாக இருக்கும் ஒருவரின் செலவைப் பாருங்கள். ஒரு மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 45 யூனிட். சிறிய ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் 60. எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜரும் பத்து யூனிட்டுக்குள் அடங்கும். மொத்தம் 115. இலவசம் போக மிச்சம் 15 யூனிட்டுக்கு, மேலே சொன்ன கட்டணப்படி, 34 ரூபாய்கூட வராது. இதற்காக மாதா மாதம் வாடகையில் 500 ரூபாய் கூட்டிக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. தண்ணீரையும் குப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லை நீங்களே கட்டுங்கள். உங்கள் மீட்டரின் இலவச யூனிட் உங்களுக்கே வந்து சேரட்டும்.

குடும்பமாக இருந்து ஏ.சி. போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான், வேறு காரணத்துக்காக. அவர்கள் செலவழிப்பது அதிகம் என்று தெரிந்துதான் உரிமையாளர் தொகையை நிர்ணயிப்பார். தமக்கு நட்டம் வராத அளவுக்கு மேலே வைப்பாரே தவிரக் கீழே வைக்க மாட்டார்.

ஒரே மீட்டர்தான். சப் மீட்டர் (என் பகுதியின் யூனிட்டை மட்டும் அளக்கும் உள்மீட்டர்) வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் கேட்கிறார். நியாயமா?

முந்தைய கணக்கையே மறுபடி எடுங்கள். உங்கள் 280 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 2,240 கொடுக்கிறீர்கள். மொத்த பில் 2,590. அப்படியென்றால் உரிமையாளர் தம்முடைய 300 யூனிட்டுக்குக் கொடுப்பது வெறும் 350 ரூபாய். இது நியாயமில்லை, கணக்கை எழுதிக் காட்டினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் வராமல் இருந்தால் அவருடைய பில் 675 ரூபாயோடு நின்றிருக்கும். நீங்கள் வந்ததால் கூடியது 1,915. அதை 280ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6.84 ரூபாய் வருகிறது. மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் 4.47. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணில் நின்றாலும் இருதரப்புக்கும் மனசாட்சி உறுத்தாது. எனக்குப் பிடித்தது சராசரி விகிதம்தான். பில்லை நடுவில் வைத்து யாரும் சரிபார்த்துவிடலாம், ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியதில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. மாடிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால், வயரிங்கைப் பிரித்து மின்வாரியத்திடம் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதலில் செலவாகும். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் வீணாகும் தொகையைப் பார்த்தால், நீண்ட நாள் வாடகைக்கு விட நினைக்கிற எந்த உரிமையாளருக்கும் அது நல்ல முதலீடு.

யூனிட்டுக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். எவ்வளவு போதும்?

உங்களிடம் இருக்கும் சாமான்களை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். வாட்டர் ஹீட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். ஓர் இரவு முழுக்கப் போட்டால் காலையில் எட்டு, பத்து யூனிட் போயிருக்கும். எரிவாயு இல்லாமல் இண்டக்‌ஷனில் மட்டும் சமைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் எரித்தாலே இரண்டு மாதத்தில் 120 யூனிட் ஆகிவிடும். "எல்லாம் சேர்த்து" என்று நம்பி வந்த இரண்டு பேர் அறைக்குள் இண்டக்‌ஷனில் மூன்று வேளையும் சமைக்க, அடுத்த பில் வந்தபோது உரிமையாளர் அம்மா மாடி ஏறிவந்து நின்ற கதை என் தெருவிலேயே நடந்திருக்கிறது. இரண்டு தரப்பிலும் கெட்ட எண்ணம் இல்லை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். வீட்டில் சார்ஜ் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். பேட்டரியின் அளவைப் பொறுத்து ஒருமுறை முழுதாக ஏற்ற மூன்று, நான்கு யூனிட் ஆகும். தினமும் முழுதாக ஏற்றினால் இரண்டு மாதத்தில் 180 முதல் 240 யூனிட் வரை ஆகிவிடும். கார் ஷெட்டில் இருக்கும் பழைய பிளக்கில் மாட்டாமல், முறையாக எர்த் கொடுத்த 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

சுருக்கமாக, எண்களோடு எழுதுங்கள். "மின்சாரம், தண்ணீர் உட்பட" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. கீழே உள்ளது போல எழுதினால் போதும்:

"மாத வாடகை ரூ. 9,000. இதில் தண்ணீரும், இரு மாதங்களுக்கு 160 யூனிட் வரை மின்சாரமும், குப்பைக் கட்டணமும் அடங்கும். 160 யூனிட்டுக்கு மேல் ஆகும் மின்சாரத்துக்கு, அந்த முறை வந்த மின் கட்டணத்தின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விகிதத்தில் வாடகைதாரர் செலுத்துவார். சப் மீட்டர் அளவு, மின்வாரியக் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் இருவரும் பார்த்துக் குறிக்கப்படும்."

தொகையும் யூனிட்டும் உங்கள் நிலைமைக்கேற்ப மாறும். குடியேறும் நாளில் சப் மீட்டரில் இருக்கும் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் விதி. அந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினொரு மாதத்துக்கு எழுதினால் எதுவும் பதிவு செய்ய வேண்டாம் என்று சொல்லுகிற பழைய பழக்கம் இங்கே இன்னும் மாறவில்லை. பதிவுத்துறையில் செய்யும் பதிவு வேறு, வாடகை அதிகார அமைப்பிடம் செய்யும் இந்தப் பதிவு வேறு.

தண்ணீர் "சேர்த்து" என்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கரண்டுக்காவது மீட்டர் உண்டு. தண்ணீருக்குச் சொல்தான் சாட்சி.

முதலில், எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நாகர்கோவில் மாநகராட்சிக் குழாய்க்கு முக்கடல் அணையிலிருந்தும் தண்ணீர் வருகிறது. பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது; கோடையில் அணையின் நீர்மட்டம் இறங்கினால் இடைவெளி இன்னும் கூடும். குழாய் வரும் நாளில் பிடித்து வைக்கத் தரைத்தொட்டி இருக்கிறதா, அது உங்கள் பகுதிக்கும் பொதுவா, பிடிக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கிணறு உண்டு. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கும் உண்டு. ஆகவே ஆகஸ்ட்டிலோ டிசம்பரிலோ வீடு பார்க்கப் போனால் கிணறு நிறைந்துதான் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டில் போய், "ஏப்ரல், மே மாதத்தில் இந்தப் பக்கம் கிணறு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். தரகர் மறைத்தாலும் பக்கத்து வீட்டு அம்மா உள்ளதைச் சொல்லிவிடுவார். வற்றும் என்றால், அந்த நாட்களில் லாரித் தண்ணீர் வாங்கும் செலவு யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். "தண்ணீர் சேர்த்து" என்று சொன்னவர் கிணற்றை நினைத்துத்தான் சொன்னார். லாரியை நினைத்து அல்ல.

மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பதும் முக்கியம். உங்கள் மீட்டரில் மோட்டார் இணைந்திருந்து, அது கீழ்வீட்டுத் தொட்டியையும் நிரப்பினால் நீங்கள்தான் அவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்கும். மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்பதையும் கேளுங்கள். உரிமையாளர் காலை ஆறு மணிக்குப் போட்டு நிறுத்துவது வழக்கம் என்றால் உங்கள் குளியலும் துவைப்பும் அந்தத் தொட்டி அளவுக்குள்தான்.

கடலோரத்தில் வீடு எடுத்தால்?

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில் ஒரு வீட்டுக் கிணறு நன்றாக இருக்கும், நாலு வீடு தள்ளி உப்பாக இருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். சோப்பு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு என்றால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு வாடகையில் சேராது, உங்கள் கணக்கில் தனியாக வரும். உப்புக்காற்றில் மீட்டர்ப் பெட்டி, மோட்டார், குழாய் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மின்தடை நேரத்தில் என்ன ஏற்பாடு என்று கேட்பது அவசியமா?

இந்த மாவட்டத்தில் அவசியம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கிணற்றில் தண்ணீர் வாய்வரை நின்றது. மோட்டார் ஓடாததால் மேலே வரவில்லை. கப்பியும் கயிறும் வாளியும் வைத்திருந்த வீடுகள் மட்டும் தாங்களும் குடித்து அண்டை வீட்டுக்கும் கொடுத்தன. அதனால் கிணற்றின் மேல் கான்கிரீட் மூடி போட்டு மோட்டாரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டைவிட, கப்பி மாட்ட வசதி வைத்திருக்கும் வீடு எனக்கு மேலானது.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால் அதன் கம்பி உங்கள் அறைவரை வருகிறதா, பேட்டரி மாற்றும் செலவு யாருடையது என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலைய வாரியாகப் பகலில் மின்சாரம் நிறுத்துவார்கள். முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீடு சரிப்படாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் வருமா?

இரண்டு விதமாகவும் உண்டு. லிஃப்ட், பொது மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மின் இணைப்புக்கு 2022 முதல் தனிக் கட்டண வகை இருக்கிறது, அதில் 100 யூனிட் இலவசம் இல்லை. லிஃப்ட் இல்லாத, பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மேற்படாத சிறு குடியிருப்புகளுக்கு 2023இல் அந்தக் கட்டணம் குறைக்கப்பட்டது. உரிமையாளர் சங்கத்துக்கு மாதம் கட்டும் தொகையின் ரசீதைக் காட்டச் சொல்லி, அது வாடகைக்குள்ளா வெளியிலா என்று எழுதிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பினால் யார் செலவு?

பேசி வைக்காத வீடுகளில் இதற்காகவே மனக்கசப்பு வருகிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் தொட்டி என்றால் உரிமையாளர் ஏற்பதே முறை. தனி வீட்டில் பல வருடம் இருந்தவர் என்றால் பாதிப் பாதி என்று சொல்வதில் தப்பில்லை. மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டால் நடுமழையில் லாரி தேடி அலைய வேண்டியதில்லை.

சமையல் எரிவாயு?

உங்கள் பெயரில் இணைப்பு இருந்தால் முகவரி மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் முகவரிச் சான்றாக உதவும். தனியாக இருப்பவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும்.

வைஃபை சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

படிப்புக்கும் போன் பேச்சுக்கும் போதும். வேலையே இணையத்தில் என்றால் தனி இணைப்பு எடுங்கள். கீழே உள்ள மோடத்திலிருந்து கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வரும்போது வேகம் குறைந்துவிடுகிறது.

குழாய் ஒழுகினால், சுவிட்ச் கெட்டால் யார் சரிசெய்வது?

வாடகைச் சட்டத்தின் அட்டவணையே இதைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை மாற்றுவது, உள்ளும் வெளியும் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகையும் வாஷரையும் மாற்றுவது, சுவிட்ச், பிளக், கழிவறை, கைகழுவும் தொட்டி, கீசர் பழுது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கரண்டும் தண்ணீரும் வாடகைக்குள் இருக்கும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவறைத் தொட்டி இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருந்தால், "எனக்கென்ன, தண்ணீர் இலவசம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை இறைக்கும் மோட்டார் அவர் பில்லில் ஓடுகிறது. அன்றே சொல்லிவிடுங்கள்.

வாடகை தாமதமானதால் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திவிடுவேன் என்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளரோ அவருடைய ஆளோ தடுத்து நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாடகை பாக்கி இருந்தால் அதைப் பெறுவதற்கு வேறு வழிகள் உண்டு. ஃபியூஸைப் பிடுங்குவது அந்த வழிகளில் ஒன்று அல்ல. வாடகை அதிகார அமைப்பிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே சேவையைத் திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு போட அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. எழுத்திலான, பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால் உங்கள் மனு வலுவாக நிற்கும். அங்கே போகும் முன் ஊரில் இருவருக்கும் வேண்டிய ஒருவரை வைத்துப் பேசிப் பார்ப்பதும் நல்லதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடுகிறது.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்?

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம் வைத்த வரம்பு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கரண்டும் தண்ணீரும் சேர்ந்து வாடகை பெருத்தால் அட்வான்ஸும் பெருக்கிறது. வாடகை 7,500, மற்றவை 1,500 என்று பிரித்து எழுதினால் முன்பணம் 7,500ஐ வைத்துக் கணக்காகும். ஆண்டுதோறும் வாடகையை விழுக்காட்டில் உயர்த்தும்போதும் இந்தப் பிரிவு உதவும். கரண்ட் பங்கின் மீதும் உயர்வு ஏறாது.

ஒற்றிக்கு எடுத்தால் கரண்ட், தண்ணீர்?

ஒற்றி என்பது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலி செய்வது. வாடகையே இல்லாததால் "வாடகைக்குள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. கரண்ட் பில் இருப்பவரே கட்டுவதுதான் வழக்கம். ஒரே மீட்டர் உள்ள வீட்டை ஒற்றிக்கு எடுக்காதீர்கள். மாதா மாதம் கைமாறும் பணம் இல்லாதபோது, கரண்ட் கணக்கில் வரும் வித்தியாசத்தைச் சரிக்கட்டவும் வழியிருக்காது. பெரிய தொகை என்பதால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். உறவினர் ஒருவர்தான் எல்லாம் பார்க்கிறார்.

குமரியில் சர்வ சாதாரணம். அந்த உறவினருக்கு உரிமையாளர் கொடுத்த எழுத்து அதிகாரத்தைக் கேட்டுப் பாருங்கள். வாடகையை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கரண்ட் பில்லை யார் கட்டுகிறார் என்பதை உறுதி செய்யுங்கள். "சேர்த்து" வாடகையை நீங்கள் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருக்க, பில் கட்ட வேண்டியவர் மறந்துபோய் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்து நிற்கும் நிலை ஏற்படலாம். மின் இணைப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் பில் நிலவரத்தை நீங்களே பார்க்கலாம். தேவைப்பட்டால் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு ரசீது கேட்கிறார்கள். முழுத் தொகைக்கும் ரசீது வாங்கலாமா?

வாடகை என்று எழுதிய தொகைக்குத்தான் வரிச்சலுகை. கரண்டும் தண்ணீரும் தனியாகக் குறித்திருந்தால் அந்தப் பங்கு அதில் சேராது. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். குடியேறும் முன்பே கேட்டுவிடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

வருடத்தின் நடுவில் மின்கட்டணம் உயர்ந்தால் வாடகையை உயர்த்தலாமா?

ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். ஒரே தொகையாக எழுதியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை அதே தொகை. மேலே காட்டிய விகித முறையில் எழுதியிருந்தால் கூடுதல் யூனிட்டுக்குரிய தொகை தானாகவே மாறிக்கொள்ளும், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

காலி செய்யும்போது கரண்ட் கணக்கை எப்படி முடிப்பது?

கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நீங்கள் போகும் நாளில் பில் வந்திருக்காது. சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணை இருவரும் பார்த்துக் குறியுங்கள். முந்தைய பில்லின் விகிதத்தை வைத்து அன்றைக்கே கணக்குப் பார்த்துத் தொகையைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். "பில் வரட்டும், பிறகு அட்வான்ஸ் தருகிறேன்" என்று சொன்னால், உத்தேசத் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். பாக்கி போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தனி மீட்டர் வீடு என்றால் கடைசி பில்லைக் கட்டிய ரசீதின் நகலையும், அந்த இணைப்போடு உங்கள் கைப்பேசி எண் சேர்க்கப்பட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லி ஒரு வேண்டுகோளையும் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.